தொப்பிக்காரரும் என் காய்ந்த தலையும்

எனக்கு வயசு எழுபத்தெட்டு. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. கொழுந்தனார் பிள்ளைகள் இரண்டும் அதில் சேர்த்தி. கையை அசைக்காமல் எல்லாக் காரியமும் நடந்துவிட வேண்டும் என்று நினைக்கிற ஆம்பிளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என் வீட்டிலேயே ஒருத்தர் நாற்காலியில் இருக்கிறார். ஆனால் கையை அசைக்காமல் ஒரு விளக்கைப் போடுவதற்காக அஞ்சு வருஷம் நாயாய் உழைத்த ஆம்பிளை இந்தப் புனே பட்டணத்திலேயே ஒருத்தர்தான். அவர்தான் விஷ்ராந்த்வாடியில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த தொப்பிக்காரர்.

அவருக்குப் பேர் இல்லாமலா இருக்கும்? இருந்தது. வந்த மறுநாளே பால்காரன் 'டோப்பிவாலா சாப்' என்று கூப்பிட்டான். அதோடு அந்தப் பேர் போயிற்று.

கராடிப் பக்கம் கண்ணாடிக் கட்டிடங்கள் எழும்பிக்கொண்டிருந்த சமயம். தமிழ்நாட்டுப் பிள்ளைகளெல்லாம் அங்கே கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து இறங்கினார்கள். இவரும் அப்படித்தான் என்று நினைத்து மாடியைக் கொடுத்தோம். கோயமுத்தூர்க்காரர், முப்பத்தஞ்சு வயசு, கல்யாணம் இல்லை, என்ஜினியரிங் காலேஜில் வாத்தியார். துணிமணி ஒரு பையில் வந்தது. வயர் நாலு பெட்டியில் வந்தது.

மூன்றாம் நாள் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். என் சேலைக்குப் பக்கத்தில் கொடியில் ஒரு சாமான் தொங்குகிறது. குளிக்கிற தொப்பி மாதிரி துணித் தொப்பி. தலை பூராவும் ஓட்டை. ஓட்டைக்கு ஓட்டை ஒரு வயர். சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் வடிகிறது. பெரிய சிலந்தியைப் பிடித்துத் தோய்த்துப் போட்டதுபோல இருந்தது. நான் போட்ட சத்தத்தில் அவர் ஓடி வந்தார்.

"பயப்படாதீங்கம்மா, என்ற தொப்பிங்க. குழந்தைக்குப் போடற ஷாம்பு போட்டு அலசியிருக்கேனுங்க."

"உங்க சட்டை ஒரு வாரமா அழுக்காக் கெடக்கே தம்பி?"

"சட்டைக்கு ஷாம்பு வேண்டாமுங்களே" என்றார்.

மனுஷர் யார் முகத்தையும் பார்க்கமாட்டார். தலையைத்தான் பார்ப்பார். எதிரே வருகிறவரிடம் "சௌக்கியமா" என்று கேட்பதற்குப் பதில், "தலை காஞ்சிருக்குதுங்களா?" என்று கேட்பார். ஒரு நாள் அந்தத் தொப்பியோடேயே பாவ் ரொட்டி வாங்கக் கடைக்குப் போய்விட்டார். ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி வந்தவர் என்று நினைத்து, உட்காரவைத்துச் சாயா வாங்கிக் கொடுத்து, திரும்பக் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார்களாம். இவரும் சாயாவைக் குடித்துவிட்டு நன்றி சொல்லிவிட்டு வந்தார். இன்னொரு நாள் திடீரென்று மொட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். எங்கள் வீட்டுக்காரர் பக்தியாய்க் கைகூப்பி, "திருப்பதியா தம்பி?" என்றார்.

"இல்லீங்கய்யா, சிக்னல் சரியா வரலீங்க."

அவர் என்ன செய்கிறார் என்று நானும் நாலு தடவை கேட்டுத்தான் புரிந்துகொண்டேன். நாம் கையை அசைக்கிறோம் இல்லையா, அப்போது தலைக்குள் ஒரு இடம் வேலை செய்கிறதாம். கையை அசைக்காமல், அசைக்கிறதாக நினைத்தாலே போதுமாம், அதே இடம் வேலை செய்யுமாம். தலைக்கு மேலே தொப்பி அதைப் பிடித்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் விளக்கைப் போடும். வலது கையை நினைத்தால் இடது பக்கத் தலையில்தான் அது தெரியுமாம்.

"அதான் இந்த வீட்டுல ஒண்ணு சொன்னா இன்னொண்ணு நடக்கு" என்றார் எங்கள் வீட்டுக்காரர். பாக்டரியில் முப்பத்தஞ்சு வருஷம் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். அவருக்கு எல்லாம் தெரியும்.

"எதுக்குத் தம்பி இத்தனை பாடு? எந்திரிச்சு சுவிட்சைப் போட்டா ஆகாதா?" என்று கேட்டேன்.

அவர் வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "எங்க அப்பா ஆறு வருஷம் படுத்த படுக்கைங்கம்மா. கை கால் அசையாது. புத்தி மட்டும் தெளிவா இருந்துச்சுங்க. ஃபேன் போடச் சொல்லணும்னா யாராச்சும் வர்ற வரைக்கும் வாசலையே பார்த்துட்டுக் கிடப்பாருங்க."



இதை அவர் காலேஜில் செய்து காட்டினால்தான் டாக்டர் பட்டம். தன் தலையில் செய்தால் செல்லாது. அடுத்தவர் தலை வேண்டும். காலேஜ் பிள்ளைகள் தலையில் ஜெல் பசை அப்பவிட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் உட்காருவார்களா? ஆகையால் தெருவில் தலை தேடினார். இங்கேதான் கோமதி நுழைந்தாள்.

கோமதி பக்கத்து வீடு. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. என்னை மதினி என்பாள். அவள் வீட்டில் குக்கர் எனக்கு முந்தி வந்தது. அவள் மகன் என் மகனுக்கு முந்தி கராடிக்கு வேலைக்குப் போனான். அவள் சுட்ட முறுக்கு ஒரு மாதம் ஆனாலும் நமத்துப்போகாது. இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்கு அவள் ஒரு தூக்குச் சட்டியில் பாயசம் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். ஒரு மணி நேரம் கழித்து, நெற்றியெல்லாம் பசையோடு இறங்கி வந்து, படியில் நின்று சொன்னாள்:

"மதினி! விளக்கு எரிஞ்சிட்டு! நான் சும்மாதான் உக்காந்திருந்தேன். எனக்கு மூளையில நல்ல கரண்டாம்!"

வயிறு எரிந்தது. என் வீட்டு மாடி, என் வீட்டு மின்சாரம், கரண்டு அவளுக்காம்.

மறுநாள் நான் போனேன். ஆறு பிள்ளைகளை வளர்த்த மூளைக்கு ஒரு ஜீரோ வாட் பல்பு எம்மாத்திரம் என்று உட்கார்ந்தேன். தொப்பியை மாட்டினார். ஊசி மாதிரி ஒன்றில் பசையை எடுத்து ஓட்டை ஓட்டையாய் விட்டார். எனக்கு இந்த வயசிலும் அடர்த்தியான முடி. அன்றைக்கு இன்னும் அடர்த்தி. ஊரே புகழ்ந்த முடி அங்கே எனக்குச் சத்துருவாகிவிட்டது. கோமதியின் நாலு முடியில் பத்து நிமிஷத்தில் வேலை முடியும். எனக்கு முக்கால் மணி ஆயிற்று.

"வலது கையை மூடித் திறக்கற மாதிரி நினைங்கம்மா. அசைக்கக்கூடாதுங்க."

நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருந்தேன். விளக்கு என்னைப் பார்த்தது, நான் விளக்கைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நாலு நாள் இப்படி.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முடிந்த பிறகு தொப்பியைக் கழற்றி, வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து, அந்தப் பசையை அவரே துடைத்துவிடுவார். முதலில் நெற்றி, பிறகு காதோரம், பிறகு முடியை வகிர் வகிராய்ப் பிரித்து. "சூடு அதிகமா இருந்தாச் சொல்லுங்கம்மா" என்பார். என் முடிக்கு அரை மணி நேரம் ஆகும். ஆறு பேர் தலையை நான் தேய்த்துவிட்டிருக்கிறேன். என் தலையை இன்னொருத்தர் தொட்டுத் துடைத்து எத்தனை காலம் ஆயிற்று என்று அங்கேதான் யோசித்தேன். கோமதிக்குப் பத்து நிமிஷம்தான். எனக்கு அரை மணி. அதில் எனக்கு ஒரு சந்தோஷம். அவளுக்கும் அந்தத் துண்டுதானே என்று நினைத்தால் அதுவும் போய்விடும்.

அஞ்சாம் நாள் அதிசயம் நடந்தது. கீழே வாசலில் கோமதி யாரிடமோ, "மதினிக்கு இன்னும் எரியலையாமே" என்று சிரிக்கிற சத்தம் கேட்டது. மறு நிமிஷம் பளிச்சென்று விளக்கு எரிந்தது! அணைந்தது. மறுபடி எரிந்தது. அன்றைக்குப் பூராவும் கோமதியை நினைக்க நினைக்க விளக்கு தீபாவளி கொண்டாடியது. நான் தெருவில் இறங்கி, காய்கறிக்காரி முதல் மாவு மில்காரன் வரை சொல்லிவிட்டு வந்தேன். காய்கறிக்காரி "காய் சாங்க்தா மௌஷி!", என்ன சொல்றீங்க சித்தி, என்று மராத்தியில் வாயைப் பிளந்து, ஒரு கட்டுக் கொத்தமல்லி சும்மா கொடுத்தாள்.

ரெண்டு நாள்தான். மூன்றாம் நாள் தொப்பிக்காரர் கம்ப்யூட்டர் கோடுகளை உற்றுப் பார்த்தார். பிறகு முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, பல்லைக் கடிக்கறீங்களா?"

"நானா? எதுக்குக் கடிக்கேன்?"

"தாடையில இருந்து வர்ற கரண்டு பெரிசுங்க. மூளைக் கரண்டு ரொம்பச் சின்னதுங்க. கல்யாண மேளத்துக்கு நடுவுல கொசு பாடற மாதிரி. இது மேளமுங்க."

என் பல்தான் விளக்குப் போட்டிருக்கிறது. கோமதி பேரைக் கேட்டாலே தாடை இறுகி, அந்தக் கரண்டில் பல்பு எரிந்திருக்கிறது.

"எப்ப இருந்துங்க இந்தப் பழக்கம்?" என்று அவர் அக்கறையாய்க் கேட்டார்.

"கோமதி குடிவந்ததுல இருந்து" என்று படியில் நின்ற எங்கள் வீட்டுக்காரர் சொன்னார்.

தொப்பிக்காரர் சிரிக்கவில்லை. நிதானமாய்க் கேட்டார்: "பல்லை விடுங்க. கையை நினைக்கச் சொன்னேனுங்களே, அப்ப மனசுல என்னங்க தெரியுது?"

"கை தெரியுது. மூடுது, திறக்குது."

"யாரோட கைங்கம்மா?"

யோசித்துப் பார்த்தேன். கையில் ரெட்டை வளையல், மோதிர விரலில் பச்சைக் கல். கோமதி கை! அவள் எப்படிச் செய்கிறாளோ அப்படிச் செய்ய வேண்டும் என்று அவள் கையையே மனசில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"அடுத்தவங்க கையைப் பார்த்தா எரியாதுங்க. உங்க கையைப் பார்த்தாலும் கஷ்டம்தானுங்க. பார்க்க வேண்டாம். உங்க கை உள்ளுக்குள்ள எப்படி இருக்குமோ அப்படி உணரணுமுங்க."

இதற்குள் காலேஜில் நாள் குறித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை. வெளியூரிலிருந்து நாலு பெரிய வாத்தியார்கள் வருகிறார்கள். அவர்கள் முன்னால் விளக்கு எரிந்தால் பட்டம், எரியாவிட்டால் அஞ்சு வருஷமும் வீண். இதற்கு முந்தி ஒரு தடவை எரியாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு வாய்ப்பு கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். அவர் சாப்பாட்டையே மறந்துவிட்டார். கோமதியைத்தான் அழைத்துப் போவது என்று முடிவாயிற்று. எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "மூணு நாளைக்குத் தலையில சொட்டு எண்ணெய் படக்கூடாதுங்க. எண்ணெய் பட்டா சிக்னலே வராதுங்க."

இனி நான் சொல்லப்போவதை இத்தனை வருஷமாய் யாரிடமும் சொன்னதில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் கோமதி புதுச்சேலையைக் காட்ட வந்தாள். மயில் கழுத்து நிறம். மேடை, நாற்காலி, போட்டோ என்று பேசிக்கொண்டே இருந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டே கேட்டேன்:

"ஏளா, நாளைக்கு வெள்ளிக்கிழமை. இத்தனை பெரிய காரியத்துக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிக்காமலா போவே?"

"தம்பி கூடாதுன்னாரே மதினி."

"அவருக்கு என்ன தெரியும், ஆம்பிளைப் பிள்ளை. எண்ணெயை அப்படியே வச்சுக்கிட்டு வரக்கூடாதுன்னு சொல்லுதாரு. நல்லாச் சீயக்காய் போட்டு அலசினா எண்ணெய் எங்க இருக்கும்? வெள்ளிக்கிழமையும் அதுவுமா பரட்டைத் தலையாப் போகாத."

தலையை ஆட்டிவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் அவள் வீட்டுப் பக்கமிருந்து நல்லெண்ணெய் காய்ச்சுகிற வாசனை வந்தது. நான் மூன்று நாளாய் எண்ணெய் தொடாத தலையை, ஷாம்பு போட்டு அலசி வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, வெள்ளிக்கிழமையும் அதுவுமா நீ எண்ணெய் தேய்க்கலியா?" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"சளி பிடிச்சிருக்கு" என்றேன். மூக்கைக்கூட உறிஞ்சிக் காட்டினேன்.

காலேஜ் கூடத்தில் நானும் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கோமதி மல்லிகைப்பூவும் மயில் கழுத்துமாய் நாற்காலியில். தொப்பிக்காரர் அன்றைக்குத்தான் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். ஒரு பட்டன் மேலே கீழே மாறியிருந்தது. பசையை விட்டார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். கோடுகள் பேய் பிடித்ததுபோல ஆடின. தொப்பியைக் கழற்றினார், அவள் தலையைத் தொட்டார், விரலை முகர்ந்தார்.

பஞ்சில் மருந்து தொட்டுத் துடைத்தார். மறுபடி பசை. மறுபடி பேய். பெரிய வாத்தியார் ஒருத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருத்தர் பேனாவை மூடினார்.

"பரவாயில்லீங்கம்மா, பரவாயில்லீங்க" என்று அவர் கோமதியிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

கோமதிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "சீயக்காய் போட்டு மூணு தடவை அலசினேன் தம்பி. எனக்குத்தான் புத்தி இல்லாமப் போச்சு" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். ஒரு பார்வைதான். 'மதினிதான் சொன்னாக' என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை.

குக்கரிலும் முறுக்கிலும் என்னை முந்தினாள், தாங்கினேன். இதில் முந்தியதைத்தான் தாங்க முடியவில்லை. எழுந்து மேடைக்குப் போய்விட்டேன்.

"தம்பி, என் தலை காஞ்சு கெடக்கு."

அவர் என் தலையைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை, திருநெல்வேலிக்காரி, எண்ணெய் இல்லாத தலை. பிறகு கோமதி தலையைப் பார்த்தார். கணக்குப் போடுகிற மனுஷர் இல்லையா, அவருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியைக் காட்டினார்.

"பல்லுங்கம்மா..." என்று மட்டும் மெதுவாய்ச் சொன்னார்.

"வாயைத் திறந்தே வச்சுக்கிடுதேன்."

அப்படியே செய்தேன். நாலு பெரிய வாத்தியார்களும் காலேஜ் பிள்ளைகளும் பார்க்க, கொட்டாவியில் நின்றுபோன ஆள் மாதிரி, ஆவென்று வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். பின்னால் பிள்ளைகள் கிளுக்கென்று சிரித்தார்கள். வாழ்நாளெல்லாம் மானத்தோடு இருந்தவள் நான். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதல் தடவை எரியவில்லை. ரெண்டாம் தடவையும் இல்லை. விளக்கைப் பார்த்தால் கோமதி கைதான் வருகிறது. கண்ணை விளக்கிலிருந்து எடுத்தேன். என் கை என்ன செய்யும் என்று கேட்டுக்கொண்டேன்.

என் கை மிஷின் சுற்றும். ஆறு பேர் வளர்ந்த வீட்டுக்கு ஒரு சம்பளம் போதாமல், கன்டோன்மென்ட் தையல்காரர் கொடுக்கிற பாவாடைகளைக் கை மிஷினில் தைத்தேன். இடது கை துணியைத் தள்ளும், வலது கை பிடியைச் சுற்றும். மரப்பிடி உள்ளங்கையில் வழவழவென்று இருக்கும். துணி ரெட்டையாய் மடிந்து வரும் இடத்தில் சக்கரம் முரண்டு பிடிக்கும்; தோள் வரைக்கும் ஏறும் அந்த இழுப்பு. அந்த இழுப்பு வந்தது. கை மடியில் சும்மா கிடந்தது. ஆனால் நான் சுற்றிக்கொண்டிருந்தேன்.

கூடத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள். விளக்கு எரிந்தது.

"நிறுத்துங்கம்மா" என்றார். நிறுத்தினேன். அணைந்தது. "சுத்துங்கம்மா" என்று சொல்லவில்லை. அவருக்கு அது தெரியாது. "இப்பங்க" என்றார். எரிந்தது. பத்துத் தடவையில் ஏழு தடவை எரிந்தது. கோமதியாயிருந்தால் ஒன்பது எரிந்திருக்கும். இதை எழுதும்போதும் தாடை இறுகத்தான் செய்கிறது. ஆனால் உண்மை உண்மைதான்.

பேனாவை மூடிய வாத்தியார் பேனாவைத் திறந்தார். பட்டம் கிடைத்தது.

எல்லாரும் போனபிறகு வெந்நீரும் துண்டும் வந்தன. முதலில் கோமதி தலையைத் துடைத்தார். பத்து நிமிஷம் இல்லை, அரை மணிக்கு மேல், எண்ணெய் இல்லையா! நான் அதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு என்னிடம் வந்தார். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். நெற்றியில் துண்டை வைத்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்:

"நீங்க எந்திரிச்சு வந்தீங்களே, அது போதுமுங்கம்மா. சூடு அதிகமா இருக்குதுங்களா?"

"இல்ல தம்பி" என்றேன். கண்ணில் பசை பட்டுவிட்டது என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷமே வெளிநாட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்கு ஃபேன் போட வைக்கப் போய்விட்டார். போகும்போது தொப்பியை எடுத்துக்கொண்டார், செருப்பை மறந்துவிட்டார். பொங்கலுக்குப் போன் பண்ணுவார். முதலில் கோமதிக்குத்தான் பண்ணுவார். கேட்டால், அகர வரிசைப்படி அவள் பேர்தான் முதலில் வருகிறது என்பார்.

இதோடு முடித்துவிட்டு, பத்திரிகைக்கு அனுப்புமுன் வாசித்துக் காட்டச் சொல்லிப் பேத்தியைக் கூப்பிட்டேன். அவளுக்குத் தமிழ் எழுத்து, மழைக்காலத்து ரோட்டில் குழி தாண்டுகிறது மாதிரி. தாண்டித் தாண்டி எண்ணெய் வரைக்கும் வந்து நின்றுவிட்டாள்.

"அரே ஆச்சி! கோமதி ஆச்சி இந்த புக் வாங்குறாங்கல்ல? படிச்சிடுவாங்க!"

"படிக்கட்டும்ளா. அவகிட்ட நேர்ல சொல்ல எனக்கு வாய் வரல, அதான் எழுதுதேன்."

கடைசி வரைக்கும் வாசித்தாள். "மறுபடி முதல்ல இருந்து வாசிக்கவா?" என்றாள்.

"வேண்டாம். அந்தத் தம்பி வெந்நீர்ல துண்டை நனைச்சு என் நெத்தியைத் துடைச்ச இடம் இருக்கு பாரு, அதை மட்டும் வாசி. மெதுவா வாசி."